செருப்பு கழன்றது தெரியவில்லை

2020 ஐப்பசியில் எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றின் வலி அது என்று அப்போது தெரியாது. எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லும் மஞ்சளும்தான் பண்ணையம். அந்த வருடம் ஆள் கிடைக்காமல் மஞ்சளுக்கு மண் அணைக்கிற வேலையில் நானும் இறங்கியிருந்தேன். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தைலம் தேய்த்தேன். பக்கத்து ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். கோயமுத்தூரில் ஒரு டாக்டர், "62 வயசாச்சு, தேய்மானந்தான்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தை மாதம் மஞ்சள் வெட்டு முடிகிற வரைக்கும் அந்த மாத்திரையில்தான் ஓட்டினேன்.

வேலை செய்ததால் வருகிற இடுப்பு வலி படுத்தால் குறையும். எனக்குப் படுத்தால்தான் கூடியது. நடுச்சாமத்தில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். இது ஒரு அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்னொரு அடையாளத்தை நானே மறைத்து வைத்திருந்தேன். ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்தேன். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கட்டுத்தரைக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவேன். "ஏனுங்க, சக்கரை கிக்கரை இருக்குதான்னு பாத்துக்கலாமுங்களா?" என்று வீட்டில் கேட்டாள். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். இடுப்பு வலிக்காகப் பார்த்த டாக்டரிடம் ஒண்ணுக்குப் பிரச்சினையைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் சில மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

2021 மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி ஒண்ணுக்கு முழுவதுமாக அடைத்துக்கொண்டது. அந்த வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். டியூப் போட்டு எடுத்தபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அதன்பிறகுதான் பி.எஸ்.ஏ. என்ற பரிசோதனையை முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்குகிற ஒரு புரதம் அது. பொதுவாக 4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு 312 இருந்தது. சுரப்பி வீங்கினாலும், கிருமித் தொற்று இருந்தாலும், டியூப் போட்டாலும்கூட இந்த எண் ஏறும். அதனால் எண்ணை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 312 அந்தக் கணக்கில் அடங்குகிற எண் இல்லை. பயாப்சியில், புற்று எவ்வளவு வேகமானது என்று காட்டுகிற கிளீசன் ஸ்கோர் 4+5, மொத்தம் 9 என்று வந்தது. 10-தான் உச்சம். போன் ஸ்கேன் படத்தில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா என்று கரும்புள்ளிகள். படத்தைப் பார்த்ததும் பெரியவன், "அப்பா, இது மை சிந்துன மாதிரி இருக்குது" என்றான். அப்புறம் அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

எலும்புக்குப் பரவிய பிறகு இதை அடியோடு குணமாக்க முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார். "ஆனா வருசக்கணக்கா அடக்கி வைக்கலாம் ஐயா" என்றும் சொன்னார். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கு இத்தனை என்று என்னால் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

இந்தப் புற்றுக்குத் தீனி ஆண் சுரப்பு நீரான டெஸ்டோஸ்டிரோன். அதை நிறுத்தினால் புற்று வாடும். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் அமெரிக்காவில் இதைக் காட்டினார், 1966-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று பெரியவன் படித்துச் சொன்னான். இன்றைக்கும் முதல் வைத்தியம் அதுதான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆயுசுக்கும் ஊசி. இன்னொன்று, சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவது.

காங்கேயம் காளைகளுக்குக் காயடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல் மனதில் வந்து நின்றதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. "ஊசின்னா எத்தனை வருசத்துக்குங்க?" என்று கேட்டாள். உசுரோடு இருக்கிற வரைக்கும் என்றேன். "போன வருசம் கொரோனாவுல மூணு மாசம் பஸ்ஸே ஓடலையே. அந்த மாதிரி மறுபடியும் வந்து ஊசி தப்பிப் போச்சுன்னா என்ன பண்றதுங்க? ஆபரேசனே பண்ணிக்கலாமுங்க. நாம வயசுப் பசங்களா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் சொன்னபடியே அடுத்த மாதம் ஆபரேஷன் ஆயிற்று. அதற்கடுத்த மாதம், 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது.

எல்லோரும் ஆபரேஷன்தான் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊசியை நிறுத்தினால் சுரப்பு திரும்பலாம், ஆபரேஷனில் திரும்பாது. மனதுக்கு ஊசிதான் சரி என்று படுகிறவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் ஊசி போடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஊசிகள் போட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடும். எலும்பில் நோய் அதிகம் இருப்பவர்களுக்கு அது ஆபத்து. அதனால் முன்கூட்டியே பைகலூட்டமைடு மாதிரி மாத்திரை கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கூடவே கீமோவும் கொடுப்பது வழக்கம். வெள்ளணு குறைகிற அந்த வைத்தியத்தைக் கொரோனா காலத்தில் எடுக்க வேண்டாம் என்று, மிச்சச் சுரப்பையும் அடக்குகிற அபிராடிரோன் மாத்திரையை எனக்குத் தொடங்கினார்கள். 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, தினம் ஒரே வேளையில், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கூட பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம், அது சாப்பாட்டுக்குப் பிறகு. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். வயிற்றைப் புண்ணாக்கும் என்று பயந்து எல்லாவற்றையும் காலை டிபனுக்குப் பிறகே போட்டேன். மூன்று வாரத்தில் கால் வீங்கி, பிரஷர் 170-க்குப் போய்விட்டது. சாப்பாட்டோடு போட்டால் இந்த மருந்து உடம்பில் பல மடங்கு ஏறிவிடுமாம். அன்றிலிருந்து பால் கறக்க எழுகிற ஐந்து மணிக்கே நான்கு மாத்திரையையும் தண்ணீரோடு விழுங்கிவிடுகிற வழக்கமாயிற்று. ஆறரைக்குத்தான் காபி.

மூன்று மாதத்தில் 312 என்பது 8 ஆனது. மார்கழிக்குள் 0.4. வலி ஊசியும் வலி மாத்திரையும் இல்லாமலே இடுப்பு வலி போய்விட்டது. பச்சைமலை முருகன் கோயில் படியை நின்று நின்றாவது ஏறி வந்தேன்.

எண் இறங்கிய அந்தக் காலத்தில்தான் உடம்பு வேறு மாதிரி படுத்தியது. யாரும் எனக்கு முன்கூட்டி விவரமாகச் சொல்லாதது இதுதான். நடு ராத்திரியில் நெஞ்சிலிருந்து தலைக்கு அனல் ஏறும், அடுத்த நிமிடம் வேர்த்துக் கொட்டும், அப்புறம் குளிரும். பொம்பளைகளுக்குத் தீட்டு நிற்கிற வயதில் வருமே, அதே சங்கதி. வீட்டில் அது தெரிந்ததால் ஈரத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டே படுப்பாள். தொடைச் சதை வற்றியது, வயிறு பெருத்தது. இல்லாத சர்க்கரை எட்டிப் பார்த்தது. ஆசை அடியோடு போய்விட்டது. இதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் அவர்கள் நம்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், நாம் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரிவோம். எங்களுக்குள் அப்படி ஒரு நாலு மாதம் வீணாய்ப் போயிற்று.

அப்புறம் அழுகை. எங்கள் ஐயன் செத்தபோதுகூடக் கண்ணீர் விடாதவன், ஒரு கிடாரிக் கன்றை விற்று வண்டியில் ஏற்றும்போது தேம்பித் தேம்பி அழுதேன். கன்றை வாங்கியவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சுரப்பு நின்றால் மனமும் பொக்கென்று போகும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதற்கெல்லாம் எனக்கு மருந்தைவிட அதிகம் கேட்டது நடைதான். தினமும் காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேரம். இரண்டு கிலோ படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை தூக்கி இறக்குவேன். மஞ்சள் மூட்டைப் பக்கம் போகவே கூடாது, சின்ன எடைதான். சோர்வாக இருக்கிறது என்று படுத்தால் சோர்வு கூடத்தான் செய்யும். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை என்று சதைக்கு வேண்டியதையும் விடாமல் சாப்பிட்டேன்.

எலும்புக்கு சோலட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகிவிடும். எனக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்து, ஈறு நன்றாக ஆறிய பிறகே ஊசி தொடங்கினார்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையும் தொடர்ந்து உண்டு.

நாற்பது வருடமாக மஞ்சள் விளைவிக்கிறவன் நான். எனக்கு வந்த யோசனைகளில் பாதி மஞ்சள் சாப்பிடச் சொன்னதுதான். சமையலில் சாப்பிடுகிற மஞ்சளால் கெடுதல் இல்லை, இந்தப் புற்று அதற்கு அடங்கவும் அடங்காது. ஒரு சொந்தக்காரர் அன்போடு ஒரு பொடி வாங்கி வந்து கொடுத்தார். தட்ட முடியாமல் ஒன்றரை மாதம் சாப்பிட்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் மூன்று மடங்கு ஏறிவிட்டன. அபிராடிரோனே கல்லீரலைப் பாதிக்கிற மருந்து, அதனால் எது செய்தது என்று தெரியாமல் மாத்திரையையும் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பொடியை விட்டேன், எண் இறங்கியது, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். மூன்று வாரம் வைத்தியம் நின்றது என் வாய் மூடியிருந்ததால்.

2023-இல் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறத் தொடங்கியது. 0.4, 1.1, 2.9. சுரப்பு இல்லாமலே வளர நோய் பழகிக்கொண்டது என்று அர்த்தம். அப்போதே டாக்டர் ஒன்றை எழுதிக் கொடுத்து, வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொன்னார். நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினாற்போல முதுகில் வலி, கால் மரப்பு, கால் தளர்ச்சி, ஒண்ணுக்கும் வெளிக்கியும் அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நிற்பது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. முதுகெலும்பில் இருக்கிற கட்டி தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம். கால் முழுவதும் விழுந்துவிட்டால் திரும்புவது மிகவும் கஷ்டம்.

ஆவணியில் ஒரு சாயங்காலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரை ஈரம். நடந்துவிட்டு வந்து கட்டுத்தரைப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒத்தச் செருப்போட வந்துட்டீங்க?" என்றாள். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால், கணுக்கால் வரைக்கும் சேறு, பெருவிரல் நுனியில் கல் குத்தி ரத்தம் கசிந்திருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. கல் குத்தியதும் தெரியவில்லை. மூன்று நாளாக நடு முதுகில் ஒரு இறுக்கம் இருந்தது. கொஞ்சம் பார்க்கலாம் என்று நானும் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

பழைய ஆளாக இருந்திருந்தால், "வழுக்கி விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போயிருப்பேன். அன்றைக்கு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, "அம்மிணி, கால்ல உணர்ச்சி இல்ல, முதுகும் மூணு நாளா இறுக்குது" என்று சொன்னேன். அவள் டாக்டர் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியவனுக்கு போன் போட்டாள். ஏழரைக்கு வண்டி வந்தது. என்னைப் பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்து, பள்ளம் மேட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம். போகும்போதே போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் நேராக எம்.ஆர்.ஐ. அதே ராத்திரி வீக்கம் குறைக்கிற டெக்ஸாமெத்தசோன் ஊசி. காலையில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கத் தொடங்கி ஐந்து நாள் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் இடது காலைத் தூக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் கட்டை விரல் அசைந்தது. பதினெட்டாம் நாள் பிடித்துக்கொண்டு நடந்தேன். செருப்பை இவள் மறுநாளே ஆள் விட்டுக் கரையில் தேடி எடுத்து, கழுவி, திண்ணையில் வைத்திருந்தாள்.

அந்த ஐந்து நாளில் மார்பின் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பார்க்க வந்த சொந்தங்கள் அந்தப் பேரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள். மார்பின் என்றால் கடைசி மருந்து என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போய்க் கிடக்கிறது. அது வலிக்கு மருந்து, அவ்வளவுதான். வலி கேட்கிற அளவுக்குக் கூட்டுவார்கள், வலி போனதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். எனக்கு அப்படித்தான் ஒன்றரை மாதத்தில் நிறுத்தினார்கள். மலச்சிக்கல் மட்டும் அனேகமாக எல்லோருக்கும் வரும், முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து சேர்த்துப் போட வேண்டும். எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் ஒரே ஒரு தடவை கரண்டு வைத்தாலே பலருக்கு வலி அடங்கும். பிறகு விலாவில் வலித்தபோது எனக்கு அப்படி ஒரு தடவைதான் வைத்தார்கள். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை.

அதன்பிறகு டோசிடாக்சல் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஆறு. முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, விரல் நுனி மரத்தது. இதெல்லாம் தாங்கக் கூடியதுதான். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 தொட்டால் மட்டும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனும் கரண்டும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை எடுக்கலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலையாமல் இன்றைக்கே எடுத்து வையுங்கள். மாதா மாதம் வாங்குகிற மாத்திரைதான் எங்களுக்குக் கையைக் கடித்தது. அபிராடிரோனைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, ஒரே மருந்துக்கு விலை பாதிக்குப் பாதி மாறுகிறது. எது விலை குறைவு, எதை மாற்றலாம் என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எழுதியே கொடுத்தார்.

மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். பிராக்கா (BRCA) என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அதற்கென்று தனி மாத்திரை இருக்கிறது, பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்குக்கூட, அது தெரிய வேண்டிய விஷயம். எனக்கு இல்லை என்று வந்தது. இருந்தாலும் அப்பனுக்கு வந்திருப்பதால் பையன்கள் 45 வயதிலேயே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். பெரியவனுக்கு 41. நோட்டில் வருடத்தைக் குறித்து வைத்திருக்கிறான்.

இப்போது எண் மெதுவாக மறுபடி ஏறுகிறது. அடுத்ததாக லுட்டீசியம் என்ற கதிர்மருந்து ஊசி பொருந்துமா என்று பார்க்க ஒரு பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் போக வேண்டும்.

போன வாரம் பெரியப்பன் வீட்டுத் தம்பி ஒரு சீருக்குச் சொல்ல வந்தான். அவனுக்கு 61 வயது. காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தான். ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா, வயசானா அப்படித்தானுங்களே" என்று தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் உட்கார வைத்து என்னுடைய கதையை ஒன்று விடாமல் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலஞ்சு தடவைங்கண்ணா. இடுப்பும் வலிக்குது" என்றான். திங்கட்கிழமை காலை கோபியில் அவனுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.